எல்.எல்.ஆர். தேர்வை யார் எழுதுகிறார்கள்?

“ஆதார் ஓடிபி மட்டும் சொல்லுங்க, மீதியை நாங்க பாத்துக்கிறோம்.” பழகுநர் உரிமம் (எல்.எல்.ஆர்.) எடுக்க டிரைவிங் ஸ்கூலுக்குப் போகும் பலருக்கு முதலில் கிடைக்கும் பாடம் இதுதான். ஆதார் வழியாக வீட்டிலிருந்தே கணினித் தேர்வு எழுதும் வசதி வந்த பிறகு, உங்களுக்குப் பதில் இன்னொருவர் விடைகளைத் தட்டிவிடுவது சுலபமாகிவிட்டது. ஆனால் மோசடியாகவோ பொய்த் தகவல் தந்தோ ஓட்டுநர் உரிமம் பெற்றிருந்தால் அதை ரத்து செய்ய மோட்டார் வாகனச் சட்டத்தின் 19ஆம் பிரிவு இடம் தருகிறது. உரிமத்தில் இருப்பது உங்கள் பெயர். டிரைவிங் ஸ்கூல்காரர் பெயரல்ல.

இத்தனைக்கும் தேர்வு கடினமானதே அல்ல. 60 சதவீதம் சரியாக இருந்தால் தேர்ச்சி. தமிழிலேயே எழுதலாம்.

சாலைக் குறியீடுகளைப் படம் படமாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை, வடிவத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். சிவப்பு விளிம்பு முக்கோணம் எச்சரிக்கிறது. சிவப்பு விளிம்பு வட்டம் பெரும்பாலும் தடை அல்லது வரம்பு. நீல வட்டம் கட்டாயம், நீலச் செவ்வகம் தகவல். பலர் சறுக்குவது நீல வட்டத்தில்தான். ஹாரன் படத்தைச் சிவப்பு வட்டத்துக்குள் குறுக்குக் கோடு போட்டுக் காட்டினால் ஹாரன் அடிக்கக் கூடாது. அதே படம் நீல வட்டத்தில் இருந்தால் அடித்தே ஆக வேண்டும். தலைகீழ் முக்கோணம் என்றால் வழிவிடு, எண்கோணம் என்றால் நில்.

அடுத்த குழப்பம், சிக்னல் இல்லாத சந்திப்பு. கிளைச் சாலையிலிருந்து ஏறுபவர் பிரதான சாலையில் வருபவருக்கு வழிவிட வேண்டும். இரண்டும் ஒரே தரச் சாலை என்றால் உங்கள் வலப்பக்கம் வருபவருக்கே முன்னுரிமை. நம் ஊரில் பெரிய வண்டிக்கும் பெரிய ஹாரனுக்கும்தான் முன்னுரிமை என்பது வேறு கதை. தேர்வில் அந்த விடையைத் தேடாதீர்கள்.

விபத்து பற்றிய கேள்விகளை மட்டும் கடமைக்குப் படித்துவிட்டுப் போகாதீர்கள். காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் சட்டக் கடமை (பிரிவு 134). அங்கே போலீஸ் இல்லாவிட்டால் கூடிய விரைவில், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள், காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். வழியில் போகிறவர் நல்லெண்ணத்தோடு உதவினால் அவருக்கு 134-ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. ‘நமக்கேன் வம்பு’ என்று ஒதுங்கிப் போக வேண்டியதில்லை.

எல்.எல்.ஆர். கையில் வந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்ப முடியாது. வெள்ளைப் பலகையில் சிவப்பு ‘எல்’ முன்னும் பின்னும் இருக்க வேண்டும். செல்லத்தக்க உரிமம் உள்ளவர், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் கூடவே இருக்க வேண்டும். பைக்கின் பின்சீட் சொல்லித்தருபவருக்கு மட்டும், நண்பருக்கு அல்ல. எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும், 30 நாள் கழிந்தபின் ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம். காலாவதியான பின்பும் ஓட்டினால் உரிமம் இல்லாமல் ஓட்டிய கணக்குதான்: 5,000 ரூபாய் அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பழகுநர் ஓட்டிய வண்டி விபத்தில் சிக்கினாலும் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர இன்சூரன்ஸ் நிறுவனம் கடமைப்பட்டது என்று 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உரிமமே இல்லாதவர் ஓட்டினால் நிலைமை வேறு. நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிட்டு, வண்டி உரிமையாளரிடமிருந்து திரும்ப வசூலிக்க வழி உண்டு.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்குப் பெற்றோர் சம்மதத்தோடு 16 வயது. மற்ற சொந்த வண்டிகளுக்கு 18. உரிமம் பெறாத சிறுவர் ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால் 199-ஏ பிரிவின்படி பெற்றோருக்கு அல்லது உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது.

எல்.எல்.ஆர். மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தருவது அலுவலரின் கடமை. அந்த உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். லஞ்சம் கேட்டால் லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போகலாம். விண்ணப்பிப்பது மத்திய அரசின் பரிவாஹன் தளத்தில் மட்டும். முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்.டி.ஓ. பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பைத் தொட வேண்டாம். பணம் பறிபோய்விட்டால் உடனே 1930க்கு அழையுங்கள்.