படித்தது நிற்கும் வழி

பல்கலைக்கழகத்திற் புகும் மாணவர் பலர்க்கு முதலாண்டிலேயே நேரும் துன்பம் ஒன்று உண்டு. உயர்தரப் பரீட்சையில் நற்பேறு பெற்ற அவர்கள் முன்னையினும் மிகுதியாக உழைக்கின்றனர். விரிவுரைக் குறிப்புக்களைப் பன்முறை வாசிக்கின்றனர். இரவு நெடுநேரம் விழித்திருக்கின்றனர். எனினும், வினாத்தாளைக் கையில் எடுத்ததும் படித்தது நினைவில் எழாது தடுமாறுகின்றனர். தமக்கு அறிவு போதாது என்று எண்ணிச் சோர்ந்து கல்வியைக் கைவிடுவாரும் உளர். அவர்தம் அறிவிற் குறை இல்லை. உழைப்பிலும் குறை இல்லை. உழைக்கும் முறையிலேயே குறை உளது. அதனைத் திருத்தும் வழி யாதென ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விடை தேடிச் சேய்மைக்குச் செல்லவேண்டுவதில்லை. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், அதன் பொதுப்பாயிரத்திலே பாடங்கேட்கும் முறையையும் வகுத்துரைத்துள்ளார். கேட்டவற்றை மீளச் சிந்தித்தல், ஆசிரியரை அடுத்து ஐயம் நீங்கக் கேட்டல், உடன் கற்பாரோடு பயிலுதல், வினாவுதல், வினாவியவற்றுக்கு விடை கூறுதல் என்பன அவர் கூறும் நெறிகளுட் சில. அதன்மேல் ஒரு கணக்கும் தருகின்றார். ஆசிரியர் உரைப்பதை நன்கு கேட்ட மாணாக்கனும் புலமையிற் காற்பங்கே பெறுவான். உடன் கற்பாரோடு பயிலுதலால் மற்றொரு காற்பங்கு கைகூடும். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைத் தான் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே நிரம்பும். இதனை அளந்து கண்ட கணக்காகக் கொள்ளல் வேண்டா. கேட்டலினும் சொல்லுதலே கல்வியை நிலைநிறுத்தும் என்பதே இதன் கருத்து.

இக்கருத்துக்கு அரண் செய்வனவாக இக்கால உளவியல் ஆய்வுகள் சில உள்ளன. ஜெர்மனிய அறிஞர் எபிங்கௌஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, மறதி நிகழும் வகையை ஆராய்ந்து 1885ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். மறதி நாடோறும் ஒரே அளவாக நிகழ்வதன்று. கற்ற முதல் மணிநேரத்திலும் முதல் நாளிலும் விரைந்து நிகழ்ந்து, பின்னர் மெல்ல நிகழ்வது என்று அவர் கண்டார். பொருளுணர்ந்து கற்றவை அத்துணை விரைவில் மறப்பதில்லை. ஆயினும் மறதியின் போக்கு அதுவே.

அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கே என்னும் இருவர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு மேலும் நோக்கத்தக்கது. மாணவர் சிறியதோர் உரைப்பகுதியை வாசித்தனர். பின்பு ஒரு சாரார் அதனையே மறுமுறை வாசித்தனர். மற்றொரு சாரார் அதனைப் பாராது நினைவிலிருந்து எழுதினர். 5 நிமிடங் கழித்துச் சோதித்தபோது, மறுமுறை வாசித்தோர் நூற்றுக்கு 81 பங்கும், எழுதிப் பார்த்தோர் 75 பங்கும் நினைவிற் கொண்டிருந்தனர். ஒரு வாரங் கழித்துச் சோதித்தபோதோ, வாசித்தோர் 42 பங்காகத் தாழ்ந்தனர்; எழுதிப் பார்த்தோர் 56 பங்கு நினைவிற் கொண்டிருந்தனர். பரீட்சைக்கு முந்திய இரவில் வாசித்தது மறுநாட் காலையில் நிற்பதுபோலத் தோன்றி, அடுத்த தவணையில் அறவே மறைந்துபோவதன் காரணம் இதனால் விளங்கும்.

இஃது ஏன்? ஒரு பக்கத்தை மூன்றாம் முறை வாசிக்கும்போது அதன் சொற்கள் நமக்குப் பழகியவையாகத் தோன்றுகின்றன. அப்பழக்கத்தையே அறிவென்று மயங்குகின்றோம். நம் வாவிக்கரையில் வீச்சுவலை எறிவாரை நூறு நாள் பார்த்திருந்தவனும், வலையைத் தன் தோளில் இட்டு எறிந்தாலன்றி அது விரியும் வகையை அறியான். பரீட்சை மண்டபத்தில் நம்மிடம் வேண்டப்படுவது கண்டு அறிதலன்று. நினைவிலிருந்து எடுத்து எழுதுதல். எதனை அங்கே செய்யவேண்டுமோ அதனையே வீட்டிலும் பயிலவேண்டும்.

இனி, செய்முறையைக் கூறுவாம். விரிவுரை கேட்ட அன்று மாலையே, கொப்பியைத் திறவாது, ஒரு வெற்றுத்தாளில் அன்று கேட்ட முதன்மைக் கருத்துக்களை எழுதுக. பின்னர்க் கொப்பியோடு ஒப்பிட்டு, விட்டவற்றை வேறு மையாற் குறித்துக்கொள்க. அவ்விடங்களே மீளக் கற்கவேண்டியவை. முழுவதையும் மீள வாசித்தல் வேண்டா. ஒவ்வொரு பாடப்பகுதிக்கும் நான்கைந்து வினாக்களை நீவிரே ஆக்கி வைத்து, மூன்றாம் நாளும், அடுத்த வாரமும், அடுத்த மாதமும் அவற்றுக்கு விடை கூறிப் பார்க்குக. ஒரே நாளில் ஆறு மணிநேரம் படிப்பதினும் அதனை ஆறு நாட்களிற் பகிர்ந்து படிப்பதே நெடுங்காலம் பயன் தரும். வாரத்தில் ஒருநாள் மூவர் நால்வர் கூடி, ஒவ்வொருவரும் ஒரு பகுதியைக் கொப்பியின் துணையின்றி ஏனையோர்க்கு விளக்குக. விளக்கும்போது நாத் தடைப்படும் இடமே விளங்காத இடம் என்று அறிக.

நம் பிரதேச மாணவர்க்கு இம்முறை மற்றொரு வகையிலும் துணையாகும். 1981ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இற் பல்கலைக்கழகமாக உயர்ந்த கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில் இருப்பது நம் பேறாகும். உயர்தர வகுப்பு வரை தமிழிற் கற்றுவரும் மாணவர் பலர் விஞ்ஞானம் முதலிய துறைகளை அங்கே ஆங்கிலத்திற் கற்கவேண்டியவராகின்றனர். அவர்கள் பொருள் விளங்காத வாக்கியங்களை மனனம் செய்யும் இக்கட்டுக்கு ஆளாதல் எளிது. மொழிக்குறை வேறு, பொருட்குறை வேறு. கற்ற கருத்தை முதலில் தமிழில் ஒருவர்க்கு விளக்குக. விளக்க முடியுமாயின், குறை மொழியில் மட்டுமே உளது. கலைச்சொற்களைப் பயின்று அதே விளக்கத்தை ஆங்கிலத்தில் எழுதிப் பழகினால் அது தீரும். தமிழிலும் விளக்க இயலாதாயின், பொருளே இன்னும் விளங்கவில்லை. விரிவுரையாளரை அணுகி வினவுதலே வழி.

விரிவுரை கேட்கும் வாய்ப்பே இல்லாத வெளிவாரி மாணவர்க்கும் இது பொருந்தும். 1892இற் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், துறவு பூணுமுன் 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார். ஆசிரியத் தொழில் புரிந்துகொண்டே 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானமாணிப் பட்டமும் பெற்றார். தொழிலும் கல்வியும் ஒருங்கு நடத்தல் கூடும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

இக்கட்டுரையாளனும் கற்பித்துக்கொண்டே வெளிவாரியாகப் பயின்றவன். குறிப்புக்களை ஐந்தாறு முறை வாசித்த துணிவோடு முதன்முறை தோற்றி, ஒரு பாடத்திற் சித்தியெய்தாது மீண்டான். மறுமுறை, பழைய வினாத்தாள்களை முன்வைத்து, நூலை மூடி விடையெழுதிப் பழகினான். மாலைதோறும் ஒரு பகுதியைச் சக ஆசிரியர் ஒருவர்க்கு விளக்கினான். படிப்புக்குச் செலவிட்ட நேரம் முன்னையிற் குறைவே, பயனோ மிகுதி.

மாணவர்காள்! நூலைத் திறத்தல் கல்வியின் தொடக்கம் மட்டுமே. அதனை மூடியபின் நும்மிடம் எஞ்சுவது யாது என வினவுதலே கல்வி. இன்று மாலையே ஒரு வெற்றுத்தாளை எடுத்துத் தொடங்குக.