கத்திரிக்காய்க்கு தடை! பருத்திக்கொட்டைக்கு பச்சைக்கொடி!

சமையல்கட்டுக்குள் வந்த மரபணு மாற்ற விதை: கேட்பார் யார்?

சென்னை நகரத்துக்காரர்கள் கடையில் வாங்கிக் கொறிக்கும் மிக்சரிலும் முறுக்கிலும், மரபணு மாற்றிய விதையில் பிழிந்த எண்ணெய் கலந்திருக்க நிறையவே வாய்ப்பு இருக்கிறது.

வாங்குகிறவருக்கு இது தெரியாது. விற்கிற அண்ணாச்சிக்கும் தெரியாது.

அந்த எண்ணெய் பருத்திக்கொட்டை எண்ணெய். நொறுக்குத்தீனி பாக்கெட்டைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். "காட்டன்சீட் ஆயில்" என்று சிலவற்றில் போட்டிருக்கும். வனஸ்பதியிலும் இது சேர்கிறது. நாடு முழுவதும் வருடத்துக்கு சுமார் 10 லட்சம் டன்னுக்கு மேல் இந்த எண்ணெய் தயாராகிறது.

பருத்தி வேட்டி சேலைக்குத்தானே, வயிற்றுக்கு எப்படி வந்தது என்கிறீர்களா? அதுதான் விஷயம்!

ஒரே ஜீன், இரண்டு நியாயம்

மண்ணில் "பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ்" என்று ஒரு பாக்டீரியா இருக்கிறது. சுருக்கமாக "பி.டி." என்பார்கள். அது உண்டாக்கும் ஒரு புரதம் சில வகைப் புழுக்களின் வயிற்றுக்குள் போனால் குடலில் ஓட்டை விழும். புழு செத்துவிடும்.

அந்தப் புரதத்தை உண்டாக்கும் ஜீனை எடுத்து செடிக்குள்ளேயே விஞ்ஞானிகள் வைத்துவிட்டார்கள். புழு செடியைக் கடித்தாலே அதன் கதை முடிந்தது. மருந்து அடிக்கும் செலவு மிச்சம் என்பது இதன் லாபம்.

இந்தியாவில் இந்த ஜீன் முதலில் ஏறியது பருத்தியில். 2002 மார்ச் மாதம் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் கமிட்டி பி.டி. பருத்திக்கு அனுமதி கொடுத்தது. அனுமதி வருவதற்கு முன்பே, 2001-ல் குஜராத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் இந்தப் பருத்தி திருட்டுத்தனமாக விளைந்து நின்றது தனிக்கதை. போலீஸ் பாஷையில் சொன்னால், லைசென்ஸ் வாங்கும் முன்பே வண்டி ரோட்டில் ஓடிவிட்டது!

இன்று நாட்டில் பயிராகும் பருத்தியில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் பி.டி. பருத்திதான்.

மாட்டிக்கொண்ட கத்திரிக்காய்

அடுத்து கத்திரிக்காய் வந்தது. பருத்தியில் முதலில் வைத்த அதே "கிரை 1 ஏசி" ஜீன்தான் இதிலும். கத்திரியின் தண்டையும் காயையும் துளைக்கும் புழுவை ஒழிக்க இந்த ஏற்பாடு.

நம்ம ஊருக்கும் இதில் பங்கு உண்டு. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ-2, எம்.டி.யு.-1, கே.கே.எம்.-1, பி.எல்.ஆர்.-1 ஆகிய தமிழ்நாட்டு ரகங்களில் இந்த ஜீனைக் கொண்டு வந்தது.

2009 அக்டோபர் 14-ந்தேதி கமிட்டி சரி என்று சொன்னது. உடனே நாடெங்கும் கூச்சல். அப்போதைய சுற்றுச்சூழல் மந்திரி ஜெய்ராம் ரமேஷ், 2010 ஜனவரி முதல் பிப்ரவரி வரை கொல்கத்தா, புவனேசுவரம், ஆமதாபாத், நாக்பூர், சண்டிகார், ஐதராபாத், பெங்களூர் என்று ஏழு ஊர்களுக்குப் போய் மக்களிடம் கருத்துக் கேட்டார். விவசாயி, விஞ்ஞானி, டாக்டர் என்று மண்டபம் தாங்காத கூட்டம்.

2010 பிப்ரவரி 9-ந்தேதி மந்திரி தடை போட்டார். விஞ்ஞானிகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. மக்களுக்கும் நிபுணர்களுக்கும் திருப்தி தரும்படி தனிப்பட்ட ஆய்வுகள் நடக்கட்டும். அதுவரை வேண்டாம் என்பது அவர் சொன்ன காரணம். அதே வருடம் கமிட்டியின் பெயரில் இருந்த "ஒப்புதல்" என்ற சொல் போய் "மதிப்பீட்டு" கமிட்டி ஆனது.

பக்கத்து வங்காளதேசம் 2013-ல் அனுமதி கொடுத்து, 2014-ல் 20 விவசாயிகளை வைத்து இந்தக் கத்திரியைப் பயிரிடத் தொடங்கியது. 2019-ல் அரியானாவின் பதேகாபாத் மாவட்டத்தில் ஒரு வயலில் தடை செய்த பி.டி. கத்திரி பிடிபட்டு, செடிகளை அழித்தார்கள்.

கத்திரிக்காய்க்கு இத்தனை பஞ்சாயத்து. பருத்திக்கொட்டைக்கு? யாரும் மண்டபம் பிடிக்கவில்லை. காரணம், பருத்தியை எல்லோரும் நூல் பயிர் என்றே நினைத்தார்கள்!

பருத்திப்பால் குடிக்கிறோமே!

பருத்திக்கொட்டை எண்ணெயோடு நிற்கவில்லை. பிழிந்த புண்ணாக்கும் முழுக் கொட்டையும் கறவை மாட்டுக்குத் தீனி.

மதுரைக்காரர்களைக் கேட்டால் இன்னொன்று சொல்வார்கள். பருத்திக்கொட்டையை இரவெல்லாம் ஊற வைத்து, ஆட்டிப் பால் பிழிந்து, அரிசி மாவு, வெல்லம், சுக்கு, ஏலக்காய் போட்டுக் காய்ச்சினால் அதுதான் பருத்திப்பால். சளிக்கு நல்லது என்று குழந்தைக்கும் கொடுப்பார்கள். சென்னையிலும் சில இடங்களில் கிடைக்கிறது.

அந்தக் கொட்டை எந்தப் பருத்தியின் கொட்டை? மூட்டையில் எழுதி வைப்பது யார்?

குடித்தால் ஆபத்தா?

வீணாகப் பயம் காட்ட வேண்டாம். உள்ளதைச் சொல்லிவிடுவோம்.

சுத்திகரித்த எண்ணெயில் புரதம் அநேகமாக இருக்காது. பி.டி. விஷயத்தில் புழுவைக் கொல்வது புரதம்தான். பருத்திப்பாலில் விதையின் புரதம் கொஞ்சம் இறங்கும். ஆனால் காய்ச்சும் சூட்டில் புரதம் உருக்குலையும். மேலும், இந்தப் புரதம் வேலை செய்வது புழுவின் காரத்தன்மை உள்ள குடலில். மனுஷன் வயிற்றில் அமிலம். அங்கே அது மற்றப் புரதம் போல செரித்துவிடும் என்கிறார்கள் விஞ்ஞானிகள். 2002 அனுமதிக்கு முன் மாடு, எருமை, ஆடு, கோழிக்கு இந்த விதையைத் தீனியாகக் கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள்.

அப்படியானால் சண்டை எதற்கு? பயம் இல்லை என்பது உண்மையானால், பாக்கெட்டில் எழுதுவதற்கு என்ன பயம்? கேள்வி அதுதான்.

ஏட்டில் சட்டம்

சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 22-வது பிரிவு, விதிப்படி அல்லாமல் மரபணு மாற்ற உணவைத் தயாரிக்கவோ, விற்கவோ, இறக்குமதி செய்யவோ கூடாது என்கிறது. 2013 ஜனவரி 1 முதல், மரபணு மாற்ற உணவு உள்ள பாக்கெட்டின் முகப்பில் மேலே "ஜி.எம்." என்று போட வேண்டும் என்பது எடை அளவு சட்ட விதி.

"ஜி.எம்." என்று போட்ட பாக்கெட்டை நீங்கள் கடையில் பார்த்ததுண்டா?

2018-ல் டெல்லியில் உள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 65 உணவுப் பொருட்களை வாங்கிச் சோதித்தது. 21-ல் மரபணு மாற்ற அடையாளம் இருந்தது. பருத்திக்கொட்டை எண்ணெயும் அதில் மாட்டியது.

உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதற்கென்று தனி விதியின் வரைவை 2021 நவம்பரில் வெளியிட்டது. 2022 நவம்பரில் மறுபடி ஒரு வரைவு. கடுகு வழக்கில் 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் இருவரும் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். ஆனால், மரபணு மாற்றப் பயிருக்கு தேசியக் கொள்கை வகுக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒன்று. கடுகும் எண்ணெய் வித்துதான் என்பதை மறக்கக்கூடாது.

நீங்கள் செய்யக்கூடியது

பாக்கெட் வாங்கும்போது பின்பக்கம் என்ன எண்ணெய் என்று பாருங்கள். வெறும் "தாவர எண்ணெய்" என்று மட்டும் போட்டிருந்தால் எந்தத் தாவரம் என்று கேளுங்கள்.

சந்தேகம் இருந்தால், உணவுப் பாதுகாப்புச் சட்டம் 40-வது பிரிவின்படி யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி, வாங்கிய பொருளை உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். பொருள் சட்டப்படி இல்லை என்று முடிவு வந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். புகார் என்றால், மாவட்டத்தில் உள்ள உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலரிடம் எழுதிக் கொடுக்கலாம்.

அதிகாரிகள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எண்ணெய் ஆலையில் பிழிந்து, சுத்திகரித்து, டின்னில் அடைத்த பிறகு அந்த ஜீனைக் கண்டுபிடிப்பது சோதனைச் சாலைக்கும் கஷ்டம். ஆகையால் ஆலை வாசலில் கொட்டை மூட்டை இறங்கும்போதே எந்த விதை என்று பதிவு செய்ய வேண்டும். கத்திரிக்காய்க்கு ஏழு ஊரில் விசாரணை வைத்த அரசுக்கு, ஆலை வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைப்பது பெரிய காரியமா?