முதுகெலும்பு முறிவும் வைத்தியர் கருத்தொற்றுமையும்

உயரத்தினின்று வீழ்ந்த ஒருவனுக்கு முதுகெலும்பு முறிந்ததெனக் கொள்வோம். முறிந்தது என்பதில் வைத்தியர் இருவருக்கும் ஐயமில்லை. எவ்வகை முறிவு என்னுமிடத்து அவர் வேறுபடின், ஒருவர் கவசப்பட்டை பூட்டி ஆறவிடுவர். மற்றவர் கத்தியை எடுப்பர். ஆதலின் இவ்வகுப்பை வெறும் பெயர்சூட்டென்று நாம் கருதுதல் தகாது.

மார்புப் பகுதியும் இடுப்புப் பகுதியும் கூடுமிடத்தே இம்முறிவு மிகுதியாய் நேர்கின்றது. மேலே விலாவெலும்புகளால் விறைத்தும் கீழே நெகிழ்ந்தும் இருத்தலின் விசை அங்குச் சேர்கின்றது. டெனிஸ் என்பார் 1983-இல் 412 முறிவுகளை ஆய்ந்து, முதுகெலும்பை முன், நடு, பின் என மூன்று தூண்களாகக் கொண்டார். முன்தூண் மட்டும் நசுங்குவது அமுக்க முறிவு. நடுத்தூணும் நொறுங்கி எலும்புத்துண்டு தண்டுவடத்தை நோக்கித் தள்ளப்படுவது சிதறல் முறிவு. மோட்டார் வண்டியின் இடுப்புவாரால் பின்புறம் பிளப்பது ஒன்று. எலும்பு இடம்பெயர்வது மற்றொன்று. 1994-இல் மாகெர்ல் முதலியோர் 1,445 முறிவுகளைக் கண்டு ஏ, பி, சி என மூன்றாக்கி, ஒவ்வொன்றையும் மும்மூன்றாகப் பிரித்துக்கொண்டே போயினர்.

நிற்க. கருத்தொற்றுமையை அளப்பது எங்ஙனம்? நாணயத்தைச் சுண்டி விடை கூறும் இருவரும் நூற்றுக்கு ஐம்பது முறை ஒத்துப்போவரன்றோ? அத்தற்செயல் ஒற்றுமையைக் கழித்துக் காணவேண்டி ஜேக்கப் கோஹென் என்னும் உளநூலார் 1960-இல் 'கப்பா' என்னும் எண்ணை வகுத்தார். முழு ஒற்றுமை 1, தற்செயலளவு 0. தற்செயலால் 50 படங்களில் ஒத்திருக்கக்கூடிய இருவர் 100-இல் 80-இல் ஒத்தனரெனின், கப்பா 0.6.

2005-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் 19 சத்திர வைத்தியர் 31 முறிவுகளின் படங்களைத் தனித்தனியே கண்டு வகை கூறினர். டெனிஸ் முறையில் கப்பா 0.6 அளவே, மாகெர்ல் முறையிலோ 0.5-ஐயும் எட்டவில்லை. மூன்று திங்கள் கழித்து அப்படங்களையே வரிசை மாற்றிக் காட்டியபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் அவரவரே தம் முன்னைய விடையினின்று மாறினர்! இதனைக் கவனக்குறைவென்று நாம் கொள்ளோம். அவர் அத்துறையில் தேர்ந்தவர்.

இடர் படத்திலேயே உள்ளது. ஏ வகையில் எலும்பு நசுங்குகின்றது. பி வகையில் எலும்புகளைப் பின்புறம் பிணிக்கும் நார்க்கட்டு அறுகின்றது. எக்ஸ்கதிர்ப் படத்தில் எலும்பு தோன்றும்; நார் தோன்றாது. பின்முட்கள் அகன்று நிற்பதைக் கொண்டே அறுந்ததென ஊகிக்கவேண்டும். காந்தப் படத்தில் நார் தோன்றினும், வீக்கத்தை ஒருவர் அறுதலென்று கொள்ளலாம்.

2013-இல் அவ்வகுப்பைத் திருத்தியோர் கிளைகளைக் குறைத்து, ஏ ஐந்து, பி மூன்று, சி பிரிவின்றி ஒன்று என நிறுத்தி, நரம்பின் நிலையையும் உடன் குறிக்கச் செய்தனர். ஐயம் தீராவிடத்து, நரம்பு ஊறுபடாத நோயாளியைப் பட்டையுடன் எழுந்து நிற்கச்செய்து மீண்டும் படமெடுப்பதுண்டு. கூனல் மிகின், கட்டு அறுந்திருக்கக்கூடுமென வைத்தியர் மறுபடியும் ஆராய்வர்.