ஏழு மாதமும் இருபத்தொரு வயதும்

போன வருஷம் மே மாசம் நியூ ஜெர்சியிலிருந்து அக்கா கூப்பிட்டாள். "உன் மருமகளுக்குக் காலேஜ் வேண்டாமாம். ஏழு மாசத்துல பைலட் ஆக்கிடறோம்னு ஃப்ளோரிடாவுல ஒரு ஸ்கூல்ல சொல்றாங்களாம். நீ விசாரிச்சு, இது ஆகாதுன்னு அவகிட்ட நல்லபடியா எடுத்துச் சொல்லுடா."

விசாரிக்கச் சொல்கிறாளா, தடுக்கச் சொல்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. நான் எழுதுவது பேங்க் சாஃப்ட்வேர். விமானத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஜன்னல் சீட் கேட்டு வாங்குவது மட்டும்தான். ஆனால் நம்ம வீடுகளில் தாய்மாமன் என்றால் தப்பிக்க முடியுமா? எக்செல் ஷீட்டைத் திறந்து உட்கார்ந்தேன்.

முதலில், அந்த ஏழு மாதம் பொய்யில்லை. ஒன்றுமே தெரியாமல் சேரும் பிள்ளைக்கு பிரைவேட் பைலட், இன்ஸ்ட்ருமென்ட், கமர்ஷியல், மல்டி எஞ்சின், கடைசியில் இன்ஸ்ட்ரக்டர் லைசென்ஸ் என்று வரிசையாக வாங்கித் தருகிறார்கள். வேறு வேலை, படிப்பு எதுவும் கூடாது. நாள் முழுக்க இதே வேலை. கல்லூரியில் நான்கு வருஷத்தில் பரப்பிச் சொல்லித் தருவதை இங்கே அமுக்கிக் கொடுக்கிறார்கள். செலவு ஒரு லட்சம் டாலரைத் தாண்டும்.

ஆனால் அது முடியும்போது கையில் இருப்பது சுமார் 250 மணிநேரப் பறப்பு. அமெரிக்க ஏர்லைனில் உட்கார 1,500 மணிநேரம் வேண்டும். 2009-இல் பஃபலோ அருகே கோல்கன் ஏர் 3407 விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு காங்கிரஸ் கொண்டுவந்த சட்டத்தால், 2013-லிருந்து கோ-பைலட்டுக்கும் இந்தக் கணக்குதான். விமானப் படிப்பில் பட்டம் வாங்கியவர்களுக்கு, அனுமதி பெற்ற கல்லூரி என்றால், 1,000 போதும். மீதி மணிநேரத்தைப் பெரும்பாலானவர்கள் அதே பள்ளியில் இன்ஸ்ட்ரக்டராகி, அடுத்து வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் சேர்க்கிறார்கள். மாதம் 65 மணிநேரம் என்று போட்டேன். இன்னும் 19 மாதம் வந்தது.

அடுத்த செல்லில் வயதைப் போட்டபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1,500 மணிநேரம் முடித்தாலும் 21 வயது ஆகாமல் ஏர்லைன் காக்பிட்டில் ஏற முடியாது; கட்டுப்பாடில்லாத முழு ஏ.டி.பி. சான்றிதழுக்கு 23. எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு அப்போது 18. ஓட்டமாய் ஓடி முடித்தாலும் இருபது வயது சொச்சத்தில் வாசலில் நின்று பிறந்தநாளுக்குக் காத்திருக்க வேண்டும். முப்பது வயதில் வேலையை விட்டுவிட்டு வருகிறவருக்கு இந்த வேகம் பணம். பள்ளி முடித்த பிள்ளைக்கு இது எதை மிச்சப்படுத்துகிறது? எனக்கு விடை கிடைக்கவில்லை.

ஜூலையில் அத்தான், அவள், நான் மூவரும் நேரில் போனோம். காலை ஆறரைக்கு ஒரு செஸ்னா 172-இல் அறிமுகப் பறப்பு. பின் சீட்டில் நான் பையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். முன்னால் அவள் இன்ஸ்ட்ரக்டர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, மெதுவாக வலப்பக்கம் திருப்பினாள். அவள் கழுத்தில் ஒரு பதற்றம் கூட இல்லை. (வீட்டில் கார் ரிவர்ஸ் எடுத்தால் அப்படி இருக்கமாட்டாள்.) மத்தியானம் இடி இடித்தது. விமானங்களைக் கட்டிப்போட்டார்கள். வரவேற்பறையில் ஒரு பையன் சொன்னான்: "எக்ஸாமினர் தேதிக்காக அஞ்சு வாரமா காத்திருக்கேன். லோன் வட்டி மட்டும் காத்திருக்காது."

அந்த வட்டியைத்தான் பெற்றோர் முதலில் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகம் வழியாகப் போனால் அரசுக் கல்விக்கடன் உண்டு. இப்படித் தனியாக நடக்கும் பள்ளிகள் பலவற்றுக்குத் தனியார் கடன்தான், அதுவும் அப்பா அம்மா கூடக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்குப் பத்து சதவீதம் என்று வைத்தால் வருஷத்துக்கு வட்டி மட்டும் 11,000 டாலர். பாதியில் நின்றால் எவ்வளவு திரும்ப வரும் என்று அத்தான் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் எங்களுக்குச் சிமுலேட்டரைக் காட்டினார்கள்.

இன்னொன்று. என் வேலையில் தப்பு நடந்தால் பழைய வெர்ஷனுக்குத் திரும்பிவிடுவோம். செக்ரைடில் அது நடக்காது. தோற்றால் மறுபடி எழுதலாம், ஆனால் தோற்றது பதிவில் நிற்கும். வேலைக்கு எடுக்கும் ஏர்லைன் அதைப் பார்க்கும். ஒன்றிரண்டால் யாரும் கெட்டுப்போவதில்லை. ஆனால் தயாராகாத பிள்ளையை அட்டவணைக்காகத் தேர்வுக்குத் தள்ளும் பள்ளியில் அது ஒன்றிரண்டோடு நிற்குமா?

கடைசியாக, நாங்கள் முதலில் செய்திருக்க வேண்டிய விஷயம்: ஃபர்ஸ்ட் கிளாஸ் மெடிக்கல். ஒன்பதாம் வகுப்பில் கவனக்குறைவு என்று ஸ்கூலில் சொல்ல, ஒரு வருஷம் ஏ.டி.ஹெச்.டி. மாத்திரை சாப்பிட்டாள். அக்கா அதை மறந்தே போயிருந்தாள். எஃப்.ஏ.ஏ. படிவம் கேட்பது "இப்போது இருக்கிறதா" என்றல்ல, "வாழ்நாளில் எப்போதாவது" என்று. வாட்ஸப்பில் ஒரு சொந்தக்காரர், "எழுதாம விட்டுடுங்க, யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். பொய் எழுதினால் அது குற்றம், லைசென்ஸே போய்விடும். அதற்காகப் பிள்ளைக்குத் தேவையான சிகிச்சையைத் தள்ளிப்போடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். படிவத்தை அனுப்பும் முன் எஃப்.ஏ.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம் ஆலோசனைக்கு மட்டும் போய், பழைய மருத்துவக் காகிதங்களைக் காட்டிப் பேசுங்கள். அட்வான்ஸ் கட்டுவது அதற்குப் பிறகு.

நாங்கள் அட்வான்ஸ் கட்டவில்லை. நான்கு நாள் அவள் என்னிடம் பேசவில்லை. "மாமா, நீங்களும் அம்மா கட்சியா?" என்று ஒரு மெசேஜ் மட்டும் வந்தது. ஷீட்டை அப்படியே அனுப்பினேன். வயது இருந்த செல்லை அவளே மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறாள்.

இப்போது பக்கத்துக் கல்லூரியில் படிக்கிறாள். டிகிரி கட்டாயம் என்பதை டெல்டாவே 2022-இல் எடுத்துவிட்டது என்று அக்காவிடம் அவ்வப்போது நினைவுபடுத்துகிறாள். 2020-இல் விமானங்கள் நின்றபோது பைலட்டுகள் என்ன ஆனார்கள் என்று அக்கா பதிலுக்குக் கேட்கிறாள். சனிக்கிழமைகளில் அரை மணி தூரத்திலுள்ள சின்ன ஏர்போர்ட்டில் பயிற்சி. அந்தந்த மணிக்கு அந்தந்தப் பணம். இன்ஸ்ட்ரக்டர் கூட இருக்கும்வரை மெடிக்கல் தேவையில்லை. தனியாகப் பறக்கத்தான் வேண்டும்.

மெடிக்கல் ஃபைல் இன்னும் எஃப்.ஏ.ஏ.விடம் இருக்கிறது. லாக்புக்கில் 22 மணிநேரம் ஏறியிருக்கிறது. "ஆகாதுன்னு சொல்லு" என்ற அக்காதான் தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறாளாம்.