ஒரு வாசகர் மாற்றிய துப்பாக்கி

1953இல் வெளியான ‘கசினோ ராயல்’ நாவலில் ஜேம்ஸ் பாண்ட் வைத்திருந்தது .25 காலிபர் பெரெட்டா. கைப்பிடியின் பக்கத் தகடுகளைக் கழற்றி, வெறும் சட்டத்தின் மேல் டேப் சுற்றியிருப்பார். கோட்டுக்குள் துருத்தாமல் இருக்க அந்த ஏற்பாடு.

துப்பாக்கி தெரிந்தவர்களுக்கு இது பொறுக்கவில்லை. கிளாஸ்கோவில் வசித்த ஜெஃப்ரி பூத்ராய்ட் என்ற வாசகர், 1956இல் நாவலாசிரியர் இயன் ஃபிளெமிங்குக்குக் கடிதமே எழுதிவிட்டார். அது பெண்கள் வைத்துக்கொள்ளும் துப்பாக்கி, எதிரியை வீழ்த்தும் வலு அதற்கு இல்லை என்பது அவர் வாதம். ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வரைச் சிபாரிசு செய்தார்.

ஃபிளெமிங் கோபித்துக்கொள்ளவில்லை, யோசனையைக் கதையாகவே ஆக்கினார். ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’ முடிவில் பெரெட்டாவின் சைலன்சர் இடுப்பில் சிக்கிக்கொள்ள, பாண்ட் சாவின் விளிம்புக்குப் போகிறார். அடுத்து 1958இல் வந்த ‘டாக்டர் நோ’வில் மேலதிகாரி அதைப் பிடுங்கிக்கொண்டு, 7.65 மி.மீ. வால்தர் பி.பி.கே.யைக் கொடுக்கிறார். பரிந்துரைக்கும் ஆயுத நிபுணரின் பெயர்? மேஜர் பூத்ராய்ட்!

ஆனால் ஃபிளெமிங் இங்கேயும் சறுக்கினார். பாண்டுக்குத் தந்த பெர்ன்ஸ்-மார்ட்டின் உறை ரிவால்வரின் உருளையைக் கவ்விப் பிடிப்பது. உருளையே இல்லாத பி.பி.கே. அதில் எப்படி நிற்கும்? அந்த உறையைச் சொன்னவரும் பூத்ராய்ட்தான், ரிவால்வருக்காக. எழுத்தாளர் அந்த உறையை பி.பி.கே.யோடு கலந்துவிட்டார்.

1962இல் பாண்ட் திரைக்கு வந்தபோதும் பெரெட்டாவைப் பறித்து வால்தரைக் கொடுக்கும் அந்தக் காட்சி இடம்பெற்றது. 1997இல் ‘டுமாரோ நெவர் டைஸ்’ படத்தில்தான் பி.பி.கே.யின் இடத்துக்கு வால்தர் பி99 வந்தது.