பத்து விழுக்காட்டுக்குள் பதுங்கும் திருட்டு

2011 பிப்ரவரியில் ஒரு சட்ட நூலுக்கு மதிப்புரை எழுத உட்கார்ந்தார் ஜெர்மனியின் பிரேமன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆந்திரியாஸ் பிஷர்-லெஸ்கானோ. நூலாசிரியர் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் கார்ல்-தியோடர் சூ குட்டன்பெர்க். பைராய்ட் பல்கலைக்கழகம் மிக உயர்ந்த தகுதியுடன் முனைவர் பட்டம் தந்த ஆய்வேடுதான் அந்த நூல். படிக்கப் படிக்க, பத்திகள் வேறு எங்கிருந்தோ வந்தவை என்று அவருக்குப் புலப்பட்டது.

செய்தி வெளியானதும் முகம் தெரியாத பலர் இணையத்தில் கூடிப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டார்கள். முன்னுரையின் தொடக்க வரிகளே ஒரு நாளிதழ்க் கட்டுரையிலிருந்து எடுத்தவை! 393 பக்கங்களில் 371இல் இரவல் எழுத்து இருப்பதாக அவர்கள் கணக்கிட்டார்கள். ஒரு வாரத்தில் பட்டம் போனது. மார்ச் 1 அன்று அமைச்சர் பதவியும் போனது.

திருட்டைப் பிடித்தது ஒரு வாசகரின் கண். ஆய்வேட்டை மதிப்பிட்டவர்களுக்கு அது தென்படவில்லை என்பதுதான் இதில் மனதை உறுத்துவது.

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018இல் எழுத்துத் திருட்டைத் தடுக்கவென்று விதிகள் கொண்டுவந்தது. ஆய்வேட்டில் ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. விதி நல்லதுதான். ஆனால், அதன்பின் ஆய்வு மாணவர்களின் பேச்சு "எத்தனை பர்சன்ட் வந்தது?" என்பதிலேயே சுற்றுகிறது. இந்த ஒப்புமையைக் கணக்கிடும் மென்பொருள் தேடுவது பெரும்பாலும் ஒரே மாதிரியான சொற்றொடர்களையே. முறையாகக் காட்டிய மேற்கோளையும், விலக்கச் சொல்லாவிட்டால், அது கணக்கில் சேர்த்துவிடும். ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கித் தன் பெயரில் போட்டுக்கொண்டவர் பெரும்பாலும் அதன் வலையில் சிக்குவதில்லை. சொற்களை மட்டும் மாற்றிப்போட்டு எண்ணைக் குறைத்தவர் தப்பிவிடுகிறார். திருடிய கருத்தோ அப்படியே இருக்கிறது.

தடுப்பு குறிப்பேட்டிலேயே தொடங்க வேண்டும். படித்ததை எழுதி வைக்கும்போதே மேற்கோள் குறியும் நூற்பெயரும் பக்க எண்ணும் சேராவிட்டால், ஆறு மாதம் கழித்து எது தன் வரி, எது பிறர் வரி என்று எழுதியவருக்கே தெரியாது. நெறியாளர் முதல் இயலை வரி வரியாகப் படித்தால், நடை திடீரென்று மாறும் இடம் அவருக்குத் தட்டுப்படும்.

கட்டுரை அச்சேறிய பிறகு புகார் வந்தால் ஆய்விதழ் என்ன செய்யும்? 1997இல் பிரிட்டனில் தொடங்கிய கோப் என்ற வெளியீட்டு நெறிக்குழு இதற்குப் படிப்படியான வழிமுறை வகுத்திருக்கிறது. முதலில் இரண்டு கட்டுரைகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு ஆதாரத்தோடு ஆசிரியரிடம் விளக்கம் கேட்க வேண்டும். பதில் இல்லை என்றால் அவருடைய நிறுவனத்துக்கு எழுத வேண்டும். ஒரு வரி விடுபட்டதையும் முழுக் கட்டுரையைச் சுருட்டியதையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. குற்றம் பெரிதென்று உறுதியானால் கட்டுரை திரும்பப் பெறப்படுகிறது. வழக்கமாக அதை அழித்துவிடுவதில்லை. காரணம் சொல்லும் அறிவிப்போடு, 'திரும்பப் பெறப்பட்டது' என்ற முத்திரை தாங்கி, தேடுகிறவர் கண்ணில் படும்படி அங்கேயே கிடக்கும்.