காதுக்கென்று ஒரு பாடம்

ஒரகடம், வல்லம் வடகால் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குக் காஞ்சிபுரம், செங்கல்பட்டு, அரக்கோணம் என்று நாலா பக்கமிருந்தும் கம்பெனி பஸ்கள் வருகின்றன. ஏ ஷிப்டுக்கு விடியுமுன்பே ஏறினால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். மீதிப் பேர் காதில் ஏதாவது ஓடும்: பாட்டு, பட்டிமன்றம், டிஎன்பிஎஸ்சி வகுப்பு. எனக்கு உலோகவியல். கிருத்திகை அன்று வல்லக்கோட்டை முருகன் கோயில் அருகே பஸ் ஊர்ந்தால், பாடம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும்.

டிப்ளமோ முடித்துவிட்டு, கியர் தயாரிக்கும் இடத்தில் குவாலிட்டி பார்க்கிறேன். ஹீட் ட்ரீட்மென்ட் முடிந்து வரும் கியரை ராக்வெல் மெஷினில் வைத்து, கடினம் 58-க்கும் 62-க்கும் நடுவில் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அந்த எண் எப்படி வருகிறது என்று எனக்கு விளங்க வைத்தது பஸ்ஸில் கேட்ட ஒரு பேராசிரியரின் குரல்தான். செக்கச் சிவக்கக் காய்ந்த எஃகுக்குள் கார்பன் அணுக்கள் கரைந்து கிடக்கின்றன. சட்டென்று எண்ணெயில் முக்கினால் அவை வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொண்டு, இரும்பின் அடுக்கையே நெளித்துவிடுகின்றன. அந்த நெளிவுதான் கடினம். மெதுவாக ஆறவிட்டால் கார்பன் தனியே பிரிந்துவிடும், எஃகும் மென்மையாகிவிடும். இதைப் புரிந்துகொள்ளப் படம் தேவைப்படவில்லை. அன்று கியரைக் கையில் எடுத்தபோது அதன் எடைகூட வேறு மாதிரி தெரிந்தது.

அந்தப் பாடம் என்பிடெல்லில் இருந்தது. ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய திட்டம் இது. சென்னை ஐஐடி அதில் முன்னணியில் நிற்கிறது. கேட்க ஒரு பைசா வேண்டாம். சான்றிதழ் வேண்டுமென்றால்தான் கட்டணம் கட்டித் தேர்வு எழுத வேண்டும். ஒலியாக மட்டும் வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரப் பாடம் 30 எம்பிக்குள் அடங்கும். சிக்னல் போகிற இடத்திலும் நிற்காது.

ஆனால் எல்லாப் பாடமும் இப்படிக் காதில் ஏறாது. புள்ளியியல் வகுப்பு ஒன்றில் ஆசிரியர், “இதை இதோடு கூட்டினால் இது வரும்” என்கிறார். எதை எதோடு? அவர் போர்டைக் காட்டுகிறார், நானோ இருட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். குறை அவருடையதல்ல, எதிரே பார்த்துக்கொண்டிருந்த மாணவர்களுக்காக நடந்த வகுப்பு அது.

காதுக்காகவே பேசியவர்கள் நம்மிடம் இருந்திருக்கிறார்கள். 1960-களில் திருச்சி வானொலி ஏடிடி 27 என்ற புது நெல்லைப் பற்றித் தஞ்சாவூர் விவசாயிகளுக்கு விடாமல் சொன்னது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான குறுவை ரகம். ஊர் ஊராகப் பரவி, கடைசியில் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் நின்றுவிட்டது. போர்டு இல்லை, படம் இல்லை. எந்த நாள், எவ்வளவு விதை, எவ்வளவு உரம் என்று வாயாலேயே சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது. வாரியார் சுவாமிகளின் கதையை இருட்டுத் திடலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டவருக்கும் ஒன்றும் குறையவில்லை.

கேட்டது தங்குவதற்கு நல்ல வழி, திருப்பிச் சொல்வது. ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது: மறுபடி மறுபடி படித்தவர்களைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. எனக்குப் பக்கத்து சீட்டு சிஎன்சி ஆபரேட்டர் ஒருவர் இருக்கிறார். இறங்கும்போது, “இன்னிக்கு என்னணா ஓடுச்சு, சொல்லு” என்பார். கம்பெனி கேட்டுக்கு நடக்கிற தூரத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும். எங்கே தடுமாறுகிறேனோ அந்த இடத்தைத் திரும்பும்போது மறுபடி போட்டுக் கேட்பேன்.

காதையும் காப்பாற்றிக்கொள்ள வேண்டும், இதை அழுத்திச் சொல்கிறேன். பெரியவர்கள் 80 டெசிபெல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரஸ் ஷாப்பில் எட்டு மணி நேரம் நின்றவருக்கு அந்தக் கணக்கு அங்கேயே தீர்ந்துபோயிருக்கும். பஸ் எஞ்சின் சத்தத்தை மீறிக் கேட்க வால்யூமை ஏற்றுவதுதான் ஆபத்து. காதை நன்றாக அடைக்கிற இயர்போன் இருந்தால் ஏற்றவே வேண்டாம். பைக்கில் வருகிறவர்கள் தயவுசெய்து எதையும் மாட்டாதீர்கள். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கண்டெய்னர் லாரியின் ஹாரன் உங்கள் காதுக்கு எட்டியாக வேண்டும்.

நான் கேட்பது ஒன்றுதான். கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் நன்றாகப் பேசத் தெரிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். டை ஏன் தேய்கிறது, வெல்டிங் ஏன் விரிசல் விடுகிறது, பெயிண்ட் ஏன் குமிழியிடுகிறது என்று தலைப்புக்கு 20 நிமிடம், தமிழில், போர்டு இல்லாமல் பதிவு செய்யுங்கள். கேட்க ஆள் இல்லாமல் போகாது. ஷிப்ட் முடிந்து பஸ் ஏறும் ஒவ்வொருவர் கையிலும் போன் இருக்கிறது, காலையில் கை பட்ட இயந்திரத்தைப் பற்றிய கேள்வியும் இருக்கிறது.